எக்ஸ்ரே சரி, ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ்: மாத்திரை சாப்பிடத்தான் வேண்டுமா?

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துக்கு வந்த 31 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவர் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறார். அவருடைய விசா அந்த வேலையைச் சார்ந்தது. கணவருக்கு 34 வயது, மகனுக்கு மூன்று வயது. குடும்ப மருத்துவரின் கிளினிக்கிலிருந்து காசநோய்ப் பரிசோதனைக்கு அழைப்பு வந்ததால் போய் ரத்தம் கொடுத்திருக்கிறார். முடிவு பாசிட்டிவ். அதன் பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இருமல், காய்ச்சல், எடைக்குறைவு எதுவும் இல்லை. ஆனாலும் காசநோய் கிளினிக்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூன்று மாதம் மாத்திரை கொடுப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். கல்லூரியில் படித்த காலத்தில், ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரே வீட்டில் இருந்த தாத்தாவுக்கு டி.பி. வந்து மருந்தில் குணமாகியிருக்கிறது.

முடிவு வந்த நாளிலிருந்து அவர் தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்துக்கொள்கிறார், மகனை முத்தமிடுவதில்லை. கணவரிடமும் இல்லத்தின் மேலாளரிடமும் இதுவரை சொல்லவில்லை. தொலைபேசியில் கேட்ட அம்மா, “நம்மூர்ல இதுக்குன்னு யாரு மாத்திரை சாப்பிடுதா, பேசாம இரு” என்று சொல்லிவிட்டார். இந்த ஆண்டுக்குள் இரண்டாவது குழந்தைக்கு முயல வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. தற்போது கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறார். “விசாவுக்காகச் சென்னையில் எடுத்த எக்ஸ்ரேயும் சரியாகத்தானே இருந்தது, பி.சி.ஜி. ஊசியும் போட்டிருக்கிறேனே, பிறகு இது எப்படி வரும்? எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்களை மட்டும் ஏன் பிடித்துப் பரிசோதிக்கிறார்கள்? அடுத்த மாதம் அந்த கிளினிக்குக்குப் போகாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் தட்டையும் தம்ளரையும் பழைய இடத்திலேயே வையுங்கள், மகனைத் தூக்கி முத்தமிடுங்கள். உங்களிடமிருந்து அவனுக்கு எதுவும் தொற்றாது. நோயாக வெளிப்பட்ட நுரையீரல் காசநோய்கூட இருமும்போதும் பேசும்போதும் காற்றில் கலக்கும் நுண்துளிகளால்தான் பரவுகிறதே தவிர, பாத்திரத்தாலும் துணியாலும் பரவுவதில்லை. இதற்கான சான்றுகளில் முக்கியமான ஒன்று நம் சென்னையிலிருந்தே வந்தது. 1956இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலேயே வைத்தும் மற்றவர்களைச் சானட்டோரியத்தில் வைத்தும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. நெருக்கமான சிறு வீடுகளில் தங்கி மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு, சானட்டோரியத்துக்கு அனுப்பப்பட்டவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வரவில்லை என்ற முடிவு 1959இல் வெளியானது. காசநோயாளியை ஒதுக்கி வைக்கும் பழக்கத்தை உலக மருத்துவம் கைவிடத் தொடங்கியதற்கு அந்த ஆய்வு பெரிய காரணம். உங்களுக்கோ நோயே வெளிப்படவில்லை.

உங்களிடம் இருப்பது என்ன

காசநோய்க் கிருமி உடலுக்குள் நுழைந்தவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் வருவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி கிருமியைச் சூழ்ந்து அடக்கி வைத்துவிடுகிறது. இதை மறைநிலைத் தொற்று என்கிறோம். உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எப்போதோ இந்தத் தொற்று ஏற்பட்டிருக்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு மட்டுமே வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் நோயாக மாறுகிறது. அதிலும் ஏறக்குறைய பாதி, தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே நடந்துவிடுகிறது.

சென்னையில் எடுத்த எக்ஸ்ரேயை நீங்கள் உங்களுக்குச் சாதகமான சான்றாகக் காட்டுகிறீர்கள். அது சரியான சான்றுதான், ஆனால் வேறொரு கேள்விக்கு. ஆறு மாதத்துக்கு மேல் தங்க வருபவரின் நுரையீரலில் இப்போது நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக எடுக்கப்படுவது அது. அடங்கிக் கிடக்கும் தொற்று எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. இங்கே உங்கள் ரத்தத்தில் செய்த ‘இக்ரா’ பரிசோதனையோ, காசநோய்க் கிருமியின் சில புரதங்களை உங்கள் வெள்ளணுக்கள் முன்பே சந்தித்திருக்கின்றனவா என்று பார்ப்பது. ஆகவே இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ‘தொற்று உண்டு, நோய் இல்லை’ என்று வருகிறது.

பி.சி.ஜி. பற்றிய சந்தேகம் நியாயமானது. முன்கையில் ஊசி போட்டு வீக்கத்தை அளக்கும் பழைய தோல் பரிசோதனையில் பி.சி.ஜி. போட்டவர்களுக்கும் பாசிட்டிவ் வருவதுண்டு. இக்ராவில் பயன்படும் புரதங்கள் பி.சி.ஜி. கிருமியில் இல்லாதவை என்பதால் தடுப்பூசியால் அந்தக் குழப்பம் நேராது. தடுப்பூசி போட்டும் தொற்று எப்படி வந்தது என்றால், பி.சி.ஜி. சிறு குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வடிவங்களிலிருந்து நன்றாகக் காக்கிறது. வளர்ந்தவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அது நம்பத்தக்கதல்ல. செங்கல்பட்டுப் பகுதியில் 1968இல் தொடங்கி லட்சக்கணக்கானோரைச் சேர்த்து நடத்தப்பட்ட பெரும் ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அதற்குப் பலனே காணப்படவில்லை.

தொற்று தாத்தாவிடமிருந்து வந்திருக்கலாம், பேருந்தில் பக்கத்தில் நின்ற யாரிடமிருந்தோ வந்திருக்கலாம். எந்தப் பரிசோதனையும் அதன் தேதியைச் சொல்லாது. தாத்தாவிடமிருந்துதான் என்று வைத்துக்கொண்டால், மிக ஆபத்தான முதல் இரண்டு ஆண்டுகளை நீங்கள் எப்போதோ கடந்துவிட்டீர்கள். இன்று உங்களுக்கு மிஞ்சியிருக்கும் ஆபத்து மேலே சொன்ன விழுக்காட்டைவிடக் குறைவு. மாத்திரை சாப்பிட வைப்பதற்காக இதை உங்களிடமிருந்து மறைக்க நான் விரும்பவில்லை. அதே சமயம், நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, ஸ்டீராய்டு மருந்துகள், மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் சில புதிய ஊசிகள், எச்.ஐ.வி. ஆகியவற்றில் எது வந்தாலும் அடங்கிய கிருமி தலைதூக்கும் வாய்ப்பு கூடும். நம் குடும்பங்களில் நாற்பதைத் தாண்டியதும் நீரிழிவு வருவது எவ்வளவு சாதாரணம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

“எங்களை மட்டும் ஏன்?”

கடிதத்தில் கோபம் தெரிந்த இடம் இது. அந்தக் கோபத்தைத் தவறென்று சொல்ல மாட்டேன், ஆனால் இதன் பின்னணி தெரிந்தால் கொஞ்சம் தணியக்கூடும்.

இங்கிலாந்தும் ஒரு காலத்தில் காசநோய் மலிந்த நாடுதான். 1913இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஒரே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயாளிகளாகப் பதிவானார்கள். வீடும் உணவும் மேம்பட்டதாலும் பிறகு மருந்துகள் வந்ததாலும் எண்ணிக்கை தொடர்ந்து விழுந்து, 1980களின் இறுதியில் ஐயாயிரத்தை ஒட்டி வந்தது. பின்னர் மெல்ல ஏறி, 2011இல் இங்கிலாந்தில் மட்டும் எட்டாயிரத்தைத் தாண்டியது. மறுபடி இறங்கி, அண்மை ஆண்டுகளில் திரும்பவும் ஏறி, 2024இல் ஐந்தரை ஆயிரத்தை நெருங்கியிருக்கிறது. இவர்களில் ஐந்தில் நான்கு பேர் வேறு நாடுகளில் பிறந்தவர்கள்.

இந்த விகிதத்தைப் பார்த்தவுடன் ‘வெளிநாட்டவர் நோயைக் கொண்டுவந்து பரப்புகிறார்கள்’ என்று எழுதும் செய்தித்தாள்கள் இங்கே உண்டு. மருத்துவம் காணும் காட்சி அதுவல்ல. காசநோய் குறைந்த நாடுகளில் இப்போது வரும் நோயில் பெரும்பகுதி, பல ஆண்டுகளுக்கு முன் வேறிடத்தில் ஏற்பட்ட தொற்று நீறு பூத்த நெருப்பாகக் கிடந்து அவரவர் உடலிலேயே வெளிப்படுவதால் வருவது. அவர்களிடமிருந்து இங்கே பிறந்தவர்களுக்குப் பரவுவது மிகக் குறைவு. நோயைச் சுமப்பவரும் அவரே, அதனால் முதலில் பாதிக்கப்படுபவரும் அவரே.

2014இல் உலகச் சுகாதார நிறுவனம், ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் நூறு பேருக்கும் குறைவாகக் காசநோய் வரும் 33 நாடுகளையும் பகுதிகளையும் மனத்தில் வைத்து ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டது. 2035க்குள் பத்து லட்சத்துக்குப் பத்துப் பேருக்குக் கீழே கொண்டுவருவது, 2050க்குள் பத்து லட்சத்துக்கு ஒருவருக்கும் கீழே இறக்கி நோயை ஒழிப்பது என்பவை அதன் இலக்குகள். அந்த நேரத்தில் இங்கிலாந்து, பத்து லட்சத்துக்கு நூறு பேர் என்ற அந்த வரம்புக்கு மேலே இருந்தது. பிந்திய ஆண்டுகளில்தான் கீழே இறங்கியது, இப்போது திரும்பவும் அதை ஒட்டி நிற்கிறது. இருமலோடு வரும் நோயாளியைக் கண்டுபிடித்துக் குணப்படுத்துவதால் மட்டும் இந்த இலக்கை எட்ட முடியாது. இன்னும் நோயாளி ஆகாதவரின் தொற்றைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால்தான் நாளைய நோயாளிகள் குறைவார்கள். 16 முதல் 35 வயதுக்குட்பட்டு, நோய்வீதம் ஆண்டுக்கு லட்சம் பேரில் 150க்கு மேல் உள்ள நாடுகளிலிருந்தோ சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலிருந்தோ கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் வந்தவர்களை இங்கிலாந்து அழைப்பது இந்தக் கணக்கில்தான். இந்தியா அந்த வரம்புக்கு மேலே இருக்கிறது. இலங்கை கீழே இருப்பதால், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தோழி ஒருவர் உங்களுக்கு இருந்தால் அவருக்கு இந்த அழைப்பு வந்திருக்காது. இனத்தைப் பார்த்து அழைக்கவில்லை என்பதற்கு இதுவே போதுமான அடையாளம்.

இருந்தாலும் என் மனத்தில் ஒரு குறை உண்டு. அழைப்புக் கடிதங்கள் பெரும்பாலும் ஏன் அழைக்கிறோம் என்பதைச் சரியாகச் சொல்வதில்லை. ஒரு நாட்டின் இலக்குக்காக ஆரோக்கியமான ஒருவர் மூன்று மாதம் மருந்து சாப்பிட வேண்டும் என்று கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. உங்களுக்கு நன்மை இருந்தால் மட்டுமே இந்த மருந்து நியாயம். சாப்பிடுவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். மறுத்தால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

உங்கள் அம்மா சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஊரில் இவ்வளவு காலம் இந்த மருந்தைப் பரவலாகக் கொடுக்கவில்லை. நோய் மலிந்த இடத்தில் மருந்து முடித்த பிறகும் புதிதாகத் தொற்றிக்கொள்ள வாய்ப்பு அதிகம் என்பதும், இருக்கும் நோயாளிகளைக் குணப்படுத்துவதே அங்கே முதல் வேலையாக இருந்தது என்பதும் காரணங்கள். ஆனால் அங்கேயும் காலம் மாறிவிட்டது. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கும் வழிகாட்டு நெறிகளை இந்திய அரசு 2021இல் விரிவாக்கியிருக்கிறது. தாத்தாவுக்கு இன்று நோய் வந்திருந்தால், வீட்டில் இருந்த உங்களையும் அழைத்துப் பார்த்திருப்பார்கள். இங்கே மறுபடி தொற்றும் வாய்ப்பு குறைவு என்பதால், ஒருமுறை சாப்பிட்ட மருந்தின் பலன் நீண்ட காலம் நிற்கும்.

விசாவும் வேலையும்

இந்தப் பரிசோதனை விசா நிபந்தனை அல்ல. முடிவு உங்கள் மருத்துவக் குறிப்பில் இருக்கும். பொதுச் சுகாதாரக் கணக்கெடுப்புக்காகச் சில விவரங்கள் தொகுக்கப்படும். குடிவரவுத் துறைக்கு அனுப்புவதற்காக யாரும் இதைச் செய்யவில்லை. மறைநிலைத் தொற்று இருப்பதோ அதற்கு மருந்து சாப்பிடுவதோ இங்கே தங்கும் உங்கள் உரிமையைப் பாதிக்காது. காசநோய்ப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் இங்கே கட்டணமும் இல்லை. விசா எந்த வகையாக இருந்தாலும், விசா காலாவதியாகியிருந்தாலும்கூட, இது பொருந்தும்.

நோயாக வெளிப்பட்ட காசநோயை மருத்துவர் மூன்று வேலை நாட்களுக்குள் பொதுச் சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். மறைநிலைத் தொற்றுக்கு அந்தக் கடமை இல்லை. நீங்கள் யாருக்கும் பரப்பக்கூடியவர் அல்லர் என்பதால் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கத் தேவையில்லை. இல்லத்திலுள்ள முதியவர்களைத் தொட்டுக் குளிப்பாட்டலாம், ஊட்டலாம். உங்கள் அனுமதி இல்லாமல் மருத்துவர் மேலாளரிடம் எதுவும் சொல்லக் கூடாது. வேலை தொடர்பான உடல்நலப் படிவத்தில் நேரடியாகக் கேட்கப்பட்டிருந்தால் மட்டும் உண்மையை எழுதுங்கள்; அதையும் மேலாளரிடம் அல்லாமல், ரகசியம் காக்கக் கடமைப்பட்ட, ஊழியர்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் தொழில்சார் நலப் பிரிவிடம் சொல்லலாம். இதைக் காரணம் காட்டி யாராவது வேலையை விட்டு நிறுத்த முயன்றால், அது மருத்துவர் தீர்க்கும் விஷயம் அல்ல. உடனே தொழிற்சங்கத்தையோ வேலைச் சட்டம் அறிந்த வழக்கறிஞரையோ அணுகுங்கள்.

மாத்திரையின் நன்மையும் தொல்லையும்

உங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது ரிஃபாம்பிசினும் ஐசோநியாசிடும் சேர்ந்த மூன்று மாதச் சிகிச்சையாக இருக்க வேண்டும். ஐசோநியாசிடை மட்டும் ஆறு மாதம் சாப்பிடுவது இன்னொரு வழி. இரண்டிலும் நரம்புகளைக் காக்க வைட்டமின் பி6 சேர்த்துக் கொடுப்பார்கள். முழுவதும் முடித்தவர்களுக்குப் பின்னாளில் நோய் வரும் வாய்ப்பு 60 முதல் 90 விழுக்காடு வரை குறைகிறது. பூஜ்யமாகிவிடுவதில்லை.

தொல்லைகளில் முக்கியமானது கல்லீரல் வீக்கம். உங்கள் வயதில் இது அரிது. வயது கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. இளையவர்களை முதலில் அழைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தொடங்குவதற்கு முன் கல்லீரல் பரிசோதனையோடு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளும் செய்வார்கள். எல்லோருக்கும் செய்வதுதான், உங்கள் ஒழுக்கத்தைச் சந்தேகித்து அல்ல. மருந்து சாப்பிடும் காலத்தில் ஓயாத வாந்தி, வலது மேல்வயிற்றில் வலி, கண் மஞ்சளாவது, அசாதாரணமான சோர்வு இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே கிளினிக் செவிலியரை அழையுங்கள். சிறுநீரும் வியர்வையும் ஆரஞ்சு நிறமாவது ரிஃபாம்பிசினின் இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். அம்மா பார்சலில் அனுப்பும் கஷாயம், லேகியம் எதுவானாலும் இந்த மூன்று மாதம் ஒதுக்கி வைத்துவிடுங்கள். அவற்றில் சில கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை, எதனால் பாதிப்பு வந்தது என்று பிறகு பிரித்துப் பார்க்கவும் முடியாது.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் கருத்தடை மாத்திரைதான் இந்தக் கடிதத்திலேயே நான் மிகவும் கவலைப்பட்ட வரி. ரிஃபாம்பிசின் அந்த மாத்திரையின் பலனைக் கெடுத்துவிடும். மருந்து சாப்பிடும் காலம் முழுவதும், முடிந்த பிறகு நான்கு வாரமும், அதை நம்பி இருக்கக் கூடாது. காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி ஆகியவற்றை ரிஃபாம்பிசின் பாதிப்பதில்லை. ஆனால் ஊசியை நிறுத்திய பிறகு கருத்தரிக்கப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால், விரைவில் குழந்தை வேண்டும் என்ற உங்களுக்கு அது பொருந்தாது. செவிலியர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே இந்தப் பேச்சைத் தொடங்குங்கள்.

கர்ப்பமாகிவிட்டால், உங்களைப் போன்ற பழைய தொற்று உள்ளவர்களுக்கு மருந்தைப் பிரசவத்துக்குப் பிறகு தள்ளிவைப்பதே இங்கே பெரும்பாலும் வழக்கம். ஆனால் பிரசவத்துக்குப் பிந்திய ஆறு மாதங்களில் காசநோய் வெளிப்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று இங்கிலாந்திலேயே நடந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. கைக்குழந்தை மடியில் இருக்கும்போது நோயாளியாவதைவிட, இப்போதே மூன்று மாதத்தை முடித்துவிட்டுக் குழந்தைக்கு முயல்வது நல்லது என்பது என் கருத்து. பழைய தொற்று, நல்ல உடல்நலம் என்பதை மட்டும் பார்த்தால் ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று நீங்கள் சொன்னாலும் நான் வற்புறுத்தியிருக்க மாட்டேன். குழந்தை பற்றிய திட்டமும், நோய் வந்தால் தாங்க முடியாத முதியவர்களோடு நாள் முழுவதும் இருக்கும் வேலையும் என் தராசை மாத்திரையின் பக்கம் சாய்க்கின்றன.

கணவரிடம் இன்றே சொல்லுங்கள். அவரும் அதே ஊரிலிருந்து உங்களோடு வந்தவர், 34 வயதுக்காரர்; ஆகவே இந்தப் பரிசோதனைக்கு அவருக்கும் தகுதி உண்டு, அடுத்த பிறந்தநாளுக்குப் பிறகு அந்த வயது வரம்பு நெருங்கிவிடும். ‘எனக்கு வந்திருக்கிறது’ என்று தொடங்குவதைவிட ‘நாம் இருவரும் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது’ என்று தொடங்கினால் உங்களுக்கும் எளிது, அவருக்கும் எளிது. மகனுக்கு உங்கள் முடிவினால் எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. இனிப் பிறக்கும் குழந்தைக்கு, பெற்றோர் இந்தியாவில் பிறந்தவர்கள் என்பதால், 28 நாள் ஆனதும் பி.சி.ஜி. போட அழைப்பார்கள், வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

போகாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். அபராதம் இல்லை, விசாவுக்குக் கேடில்லை. ஒருவேளை வாழ்நாள் முழுவதும் ஒன்றுமே ஆகாமலும் போகலாம். ஆனாலும் அந்தச் சந்திப்புக்குப் போங்கள்; அங்கே போவது மாத்திரைக்குச் சம்மதம் சொல்வதாகாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொன்னால் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். உறவினரை அழைத்துப் போய்ச் சங்கடப்பட வேண்டாம். எல்லாம் கேட்ட பிறகும் மாத்திரை வேண்டாம் என்று முடிவு செய்தால், ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத எடைக்குறைவு, கழுத்தில் கட்டி ஆகியவற்றில் எது வந்தாலும், எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும், மருத்துவரிடம் போன முதல் நிமிடத்திலேயே ‘எனக்கு முன்பு இக்ரா பாசிட்டிவ் வந்திருக்கிறது, மருந்து சாப்பிடவில்லை’ என்று சொல்லிவிடுங்கள். காசநோயைத் தினமும் பார்க்காத நாட்டு மருத்துவருக்கு அது சட்டென்று தோன்றாது.